இந்திராணியின் குரலுக்கு ஒரு பெட்டி

ஆடி முதல் தேதியிலிருந்து இந்திராணி எண்களில் பேசினாள். வாய் அசையும். ஒலி வராது. கணவர் குணாளன் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எண்ணா மாறிடுச்சு," என்றார். "விநாடிக்கு நாப்பத்தி நாலாயிரத்து நூறு எண். சரியாத்தான் வருது."

"மாத்திரை எதுவும்?"

"மாத்திரை கிடையாது. எண்ணைத் திரும்ப ஒலியா மாத்துற பெட்டி வேணும். வாங்கவும் செய்யலாம், வீட்டுலயே செஞ்சும் வச்சுக்கலாம். ஆனா ஆறு வாரத்துக்குள்ள குரல் அலுவலகத்துல காட்டி, இது இவங்க குரல்தான்னு சான்று வாங்கிடுங்க. இல்லேன்னா பொதுவுல சேர்ந்துடும்."

"பொதுவுலன்னா?"

"அறிவிப்புக்கு எடுத்துக்குவாங்க," என்றார் மருத்துவர். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குணாளனுக்கு ஐம்பத்து மூன்று வயது. மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆய்வக உதவியாளர். பெட்டி செய்வது அவருக்குப் பெரிய காரியமில்லை. ஒரு சில்லு, ஒரு பலகை, பழைய செல்போன் சார்ஜர், ஒரு சிறிய ஸ்பீக்கர். நாலு நாளில் முடித்தார். வயரின் ஒரு முனையை இந்திராணியின் தோட்டில் கிளிப் போட்டு மாட்டினார்.

"பேசு," என்றார்.

ஸ்பீக்கரில் ஒரு முனகல் வந்தது. அதற்குப் பின்னால், தகர டிரம்முக்குள் உட்கார்ந்து யாரோ பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"நான் இப்படியா பேசுவேன்?"

"கொஞ்சம் சரி பண்ணணும்."

"யாரோ ஆம்பளை பேசற மாதிரி இருக்கு."

"சரி பண்ணிடலாம்."

இந்திராணி அவரைப் பார்த்தாள். "என் குரல் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றார் குணாளன்.

அவருக்கு ஞாபகம் இல்லை. அன்று சாயங்காலம் வரை யோசித்துப் பார்த்தார். அவள் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. எதற்குக் கூப்பிட்டாள் என்பது ஞாபகம் வந்தது. குரல் மட்டும் வரவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் ஏதும் ஏற்படவில்லை. அடுத்து என்ன மாற்றலாம் என்று யோசித்தார்.

முதலில் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார். பாதி முனகல் போயிற்று. மீதி போகவில்லை. வீட்டில் எர்த் சரியில்லை என்று முடிவு செய்தார். பின்பக்கம் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பி இறக்க வேண்டும்.

அவர்கள் இருப்பது தரைத்தளம். ஆறடி தோண்டியதும் கடப்பாரை பொத்துக்கொண்டு போனது. கீழே ஒரு வீடு இருந்தது. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புளிக்குழம்பு வாசனை மேலே வந்தது.

"மன்னிச்சுக்கங்க," என்றார் குணாளன். "எர்த்துக்காகத் தோண்டினேன்."

கீழே இருந்தவர் அண்ணாந்து பார்த்தார். "எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு மாசம்."

"கம்பியைக் குடுங்க. மாத்தி மாத்திப் பிடிச்சுக்கறோம்."

குணாளன் கம்பியை இறக்கினார். அந்த வீட்டுப் பெண் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தொடர்ந்து சாப்பிட்டாள். முனகல் நின்றுவிட்டது.

"இப்ப?" என்று இந்திராணியிடம் கேட்டார்.

"பொம்பளைக் குரலா ஆயிருக்கு," என்றாள். "ஆனா நானில்ல."

அடுத்தது கெப்பாசிட்டர். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கேட்டார். கடைக்காரர் டப்பாவைத் திறக்கவில்லை.

"பாட்டுக்கா, பேச்சுக்கா?"

"பேச்சுக்கு."

"யாரு பேசறது?"

"வீட்டுல."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"இருபத்தாறு."

கடைக்காரர் உள்ளே போய், மிக உயரமான ஏணியில் ஏறினார். அவர் இறங்கி வருவதற்குள் குணாளன் கடையில் இருந்த எல்லா டப்பாக்களின் மேலும் எழுதியிருந்ததைப் படித்து முடித்துவிட்டார். கடைக்காரர் மஞ்சள் நிறத்தில் எட்டு கெப்பாசிட்டர்களைக் கொடுத்தார்.

"சூடாக்கி மாட்டுங்க. முதல் ரெண்டு நாள் அவங்க கோபமாப் பேசற மாதிரி இருக்கும். அது கெப்பாசிட்டர்தான். அப்புறம் பழகிடும்."

அவர் சொன்னபடியே இருந்தது. இரண்டு நாள் இந்திராணி கோபமாகப் பேசினாள். சோறு குழைந்துவிட்டது என்பதைக் கோபமாகச் சொன்னாள். மழை வரும்போலிருக்கிறது என்பதையும் கோபமாகச் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் கோபமாக ஏதோ சொன்னபோது, குணாளன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இது பெட்டி இல்ல," என்றாள் இந்திராணி. "இது நான்."

இப்போது குரல் ஏறக்குறைய வந்துவிட்டது. நடுக்கம் மட்டும் இருந்தது. நீளமான வார்த்தைகளில் கடைசி எழுத்து ஆடியது. பெட்டியின் துடிப்பு சீராக இல்லை என்று குணாளனுக்குத் தெரிந்தது. எண்களைச் சரியான நேரத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது ஒரு சிறிய படிகம். மூன்று படிகங்கள் மாற்றிப் பார்த்தார். மூன்றும் ஆடின.

எதிர்வீட்டுப் பிச்சைமணி வாசலில் வந்து நின்றார். அவர் முப்பத்தொரு வருஷம் மில்லில் சங்கு ஊதியவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் முகம் கழுவுவதைப் பார்த்துத்தான் தெருவில் எல்லோரும் கடிகாரத்தைச் சரி செய்வார்கள்.

"நான் உட்காரட்டுமா தம்பி?"

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

"சும்மாதானே இருக்கேன்."

குணாளன் படிகத்தைக் கழற்றினார். பிச்சைமணி ஸ்டூலில் உட்கார்ந்து, படிகம் இருந்த இடத்தின் இரண்டு கம்பி முனைகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டார்.

இந்திராணி, "திருப்பரங்குன்றம்" என்றாள். கடைசி எழுத்து ஆடவில்லை.

அதன் பிறகு பிச்சைமணி வீட்டுக்குப் போகவில்லை. அவர் மனைவி வேளாவேளைக்கு வந்து ஊட்டிவிட்டாள். அவர் தும்மினால் மட்டும் இந்திராணியின் பேச்சில் ஒரு சொல் விட்டுப்போகும்.

"எப்படி இருக்குண்ணே?" என்று குணாளன் ஒரு நாள் கேட்டார்.

"வேலைக்குப் போற மாதிரி இருக்கு தம்பி."

ஆறாவது வாரம் வியாழக்கிழமை காலை, மூவரும் குரல் அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். பெட்டியைப் பேட்டரியில் ஓட்டிக்கொள்ளலாம் என்பதால் கீழ்வீட்டார் கம்பியை விட்டுவிட்டுக் கை கழுவினார்கள். குணாளன் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். பிச்சைமணி பெட்டிக்குள் விரலை விட்டபடி பக்கவாட்டில் நடந்தார். இந்திராணி இரண்டடி தள்ளி வந்தாள். வயர் அவ்வளவுதான் நீளம்.

அலுவலகத்தில் ஒரே ஒரு நடைகூடம் இருந்தது. அதன் கடைசியில் அதிகாரியின் அறை. அவர்கள் நடக்க நடக்க நடை நீண்டது. வழியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் டோக்கன் எண்களைச் சொன்னது. சான்று வாங்காமல் பொதுவில் சேர்ந்த குரல். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஒவ்வொரு எண்ணுக்கும் எழுந்து நின்றார்.

"உங்க நம்பர் என்ன?" என்று குணாளன் கேட்டார்.

"எனக்கு நம்பர் இல்லீங்க. இது எங்க அம்மா."

"டோக்கன் முப்பத்தியொன்பது," என்றது குரல். அவர் எழுந்து நின்றார். முப்பத்தொன்பது இந்திராணியின் எண். உடனே அறை அருகில் வந்துவிட்டது.

அதிகாரி ஒரு பெண். அவர் மேசையில் ரப்பர் ஸ்டாம்பும் ஒரு டம்ளர் மோரும் இருந்தன. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொந்தமா செஞ்சதா?"

"ஆமாங்க."

"ஈயப்பற்று சுத்தமா இருக்கு." பிச்சைமணியைப் பார்த்தார். "இவரு?"

"துடிப்புக்கு."

"சரி." அவர் இந்திராணியிடம் திரும்பினார். "ஒரு வாக்கியம் சொல்லுங்கம்மா. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததா இருக்கணும். ஏற்கெனவே சொன்னதுன்னா நகல் ஆயிடும்."

இந்திராணி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"கல்யாணம் ஆன எட்டாம் நாள் வீட்டைவிட்டுப் போயிடலாம்னு பை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், அன்னைக்கு பஸ் ஸ்டிரைக்."

குணாளன் கவனமாகக் கேட்டார். 'ஸ்' சீறவில்லை. மூச்சு விட்ட இடம் தனியாகத் தெரிந்தது. முனகல் அறவே இல்லை. பிச்சைமணி தும்மவில்லை.

"தெளிவா இருக்கு," என்றார் அதிகாரி. "திரும்பச் சொல்ல வேண்டாம். ரெண்டாவது தடவை செல்லாது." ஸ்டாம்பை அடித்து, மோரைக் குடித்தார்.

வெளியே வெயில் அடித்தது. அலுவலகத்துக்கு எதிரே பேருந்து நிலையம் இருந்தது. வரும்போது அது அங்கே இல்லை.

"எந்த ஊருக்குப் போறதா இருந்தே?" என்று குணாளன் கேட்டார்.

"கோவில்பட்டி."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. போர்டுல அந்தப் பேருதான் பெரிசா எழுதியிருந்துச்சு."

"நான் ஏதாச்சும் செஞ்சேனா?"

"இல்ல. நீங்க ஒண்ணும் செய்யல," என்றாள் இந்திராணி. "எட்டு நாளா."

கோவில்பட்டி பேருந்து நின்றிருந்தது. இந்திராணி ஏறினாள். வயர் இழுத்தது. பெட்டி கையில் இருந்ததால் குணாளனும் ஏறினார். பிச்சைமணியும் ஏறினார்.

"எத்தனை?" என்றார் நடத்துநர்.

"மூணு," என்றாள் இந்திராணி.

வழி முழுக்க அவள் பேசினாள். சாத்தூர் தாண்டும்வரை நிறுத்தவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். சிலவற்றில் குணாளனும் இருந்தார். ஒலி மிக நன்றாக இருந்தது. இதற்கு மேல் மாற்ற எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அவர் சொல்ல நினைத்தது அது ஒன்றுதான். அதையும் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் இறங்கினார்கள். இந்திராணி காதில் கை வைத்துக் கிளிப்பைக் கழற்றினாள். வயரைச் சுருட்டி, முடிச்சு விழாமல், அவர் கையில் கொடுத்தாள்.

"இந்திரா, நீ பேசறது யாருக்கும் கேட்காதே," என்றார் குணாளன்.

அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் திரும்பி, பேருந்து நிலையத்து டீக்கடைக்குப் போனாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் கடைக்காரர்.

அவள் உதடுகள் அசைந்தன. கடைக்காரர் தலையாட்டினார். சர்க்கரை போடாமல் ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார். பிறகு அவரும் ஏதோ சொன்னார். அவர் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. இந்திராணி சிரித்தாள்.

பெட்டியிலிருந்து எந்த ஒலியும் வரவில்லை. இரைச்சல்கூட இல்லை.

"தம்பி," என்றார் பிச்சைமணி. "நான் விரலை எடுத்துரட்டுமா?"

"கொஞ்ச நேரம் இருங்கண்ணே," என்றார் குணாளன்.