செலோடேப் ஒட்டிய மடையன்

பழைய ஆவணங்களைச் செப்பனிடும் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்பதால், புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதற்காகவே பிறந்தவர்போல மேசைமேல் ஒரு பழைய வரைபடத்தை விரித்தார். கிழிசல் நெடுகச் செலோடேப் ஒட்டியிருந்தது. அதன் பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பேறி, வரைபடத்தில் ஓடிய ஆற்றில் பாதியை விழுங்கியிருந்தது.

“எந்த மடையன் பண்ண வேலையோ இது. இவன் கையில யாரு கத்திரிக்கோல் கொடுத்தாங்க?” என்று ஆரம்பித்தவர், அரைமணி நேரம் அந்த மடையனை விடவில்லை. எட்டுப் பேரும் சிரிக்கச் சிரிக்க அவருக்குச் சுருதி ஏறியது.

ஒரு பெண் கேட்டாள்: “யாரு சார் ஒட்டுனது?”

இதற்குத்தானே காத்திருந்தார். எதைச் செப்பனிட்டாலும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டிப் பதிவேடு வைக்கச் செய்தவரே அவர்தான்.

“நம்மகிட்ட எவனும் தப்ப முடியாதும்மா,” என்று அந்தப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார்.

விரல் ஒரு வரியில் நின்றது. ‘கிழிசல் நிரந்தரமாகச் சரிசெய்யப்பட்டது.’ பக்கத்தில், பல வருடங்களுக்கு முந்தைய தேதியும் கொடிபோலச் சுழித்த கையெழுத்தும். இன்று காலை வருகைப் பதிவில் அவர் போட்டதும் அதே சுழிதான்.

மூடிவிடலாமா என்று நினைத்தார். மூடவில்லை. பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாளைக்கும் இதே மடையன்தான் பாடம் எடுப்பான். பத்து மணிக்கு வந்துடுங்க.”