கூரைக்கு ஒரு மொட்டை

நாங்கள் வாங்கிய வீடு மொட்டை போட்டுக்கொள்ள விரும்பியது. இங்கிலாந்தில், டெவன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் பழைய கூரை வீடு அது. தடித்த மண்சுவர்கள், ஜன்னல்களின் புருவம் வரைக்கும் இறங்கிய கோதுமை வைக்கோல். தலைமுறை தலைமுறையாகப் பழைய வைக்கோலைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதியதை வேய்ந்துவந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் தலைக்கனம் உள்ள வீடு.

தவறு என் மனைவி தெய்வானையுடையது. வீடு பார்க்க வந்த அன்று, முகட்டின் மேல் வைக்கோலில் பின்னிய ஒரு பறவை நின்றது. அதை மயில் என்று நினைத்துவிட்டாள். "பழனியாண்டவா, இந்த வீடு மட்டும் அமையட்டும், மொட்டை போட்டுடறேன்" என்று வாசலிலேயே வேண்டிக்கொண்டாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அவள் நினைத்தது என் தலையை. என் தலையோ சுத்த வழுக்கை. தன்னைத்தான் சொல்கிறாள் என்று வீடு எடுத்துக்கொண்டது.

குடிவந்த பிறகு நாங்கள் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டோம். வீடு வாசலைத் தாழ்த்த ஆரம்பித்தது. முதலில் நெற்றியில் இடித்தது. அப்புறம் குனிந்து போனோம். மார்கழி வாக்கில் தவழ்ந்து போனோம். காலமெல்லாம் வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். சொந்த வீடும் எங்களை வெளியே நிறுத்திவிடுமோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"சாமி காரியத்துல விளையாடாதீங்க. இன்னும் கொஞ்சம் இறங்கினா பூனைதான் போக முடியும்" என்றாள் தெய்வானை.

பழைய கட்டடங்களில் கைவைக்க அனுமதி தரும் அதிகாரி பெம்பர்ட்டனை அழைத்தோம். தவழ்ந்து உள்ளே வந்து தேநீர் வாங்கிக்கொண்டார்.

"தாராளமாக மொட்டை போடலாம்" என்றார். "ஆனால் வீட்டின் தோற்றம் மாறக் கூடாது. மொட்டை தெரியாதபடி மொட்டை போட வேண்டும். அப்புறம், மேலே நிற்பது மயில் இல்லை, காட்டுச்சேவல்."

"சேவலா இருந்தாலும் சரிதான். முருகன் கொடியில இருக்கிறதே அதுதான்" என்றாள் தெய்வானை.

அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

தெய்வானைக்குத்தான் பூமுடி ஞாபகம் வந்தது. முழு மொட்டைக்கு மனசு வராத பெண்கள் நுனியில் கொஞ்சம் முடி கொடுத்து வேண்டுதலை முடிப்பார்கள். அவள் அதைச் சொன்னதும் வாசல் ஒரு சாண் உயர்ந்தது. வீட்டுக்குச் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து, கூரை ஓரத்தில் மூன்று பிடி வைக்கோலைக் கத்தரித்தேன். பெம்பர்ட்டன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெட்டின இடத்தில் தெய்வானை சந்தனம் பூசினாள். வாசல் மளமளவென்று மேலே போய் நின்றது. நான் நிமிர்ந்தபடி உள்ளே போய், நிமிர்ந்தபடி வெளியே வந்தேன். சும்மா இன்னொரு தடவையும் போய் வந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு பக்கச் சுவர்களிலும் இருந்த சின்ன ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. மொட்டை போட்ட கையோடு காதும் குத்துவதுதானே வழக்கம்.

"தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தானே குத்தணும்? இதுக்கு யாரு இருக்கா?" என்றாள் தெய்வானை.

பெம்பர்ட்டன் கோட்டைக் கழற்றி ஏணியில் மாட்டினார். தோட்டத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துக்கொண்டார்.

வீடு கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுவிட்டு எழுந்து வந்தது.