சுண்டுவிரல் கம்பி

லாரி வாங்கப் போன மனுசன் ரெண்டே பேரு உக்கார்ற குட்டிக் காரை ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாட்டினா எந்தப் பொம்பளைக்குத்தான் கோவம் வராது? எனக்கு வந்துச்சு. மூணு நாளு அவர்கிட்டப் பேசல. கஞ்சிக் கிண்ணத்தை நான் வச்ச சத்தத்துலயே அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

அவருன்னா என் மாப்பிள்ளை ஜெய்னுலாப்தீன். நிக்காஹ் முடிஞ்ச பத்தாம் மாசம் கப்பலேறிப் பினாங்குக்குப் போயி, ஒம்பது வருஷம் அங்க டாக்சி ஓட்டினாரு. நடுவுல ரெண்டே தடவை ஊருக்கு வந்தாரு. மூணாந் தடவை வந்தப்ப, "சாரா, இனிமே போகல. ஒரு பழைய லாரி வாங்கி இங்கிட்டே மீனு ஏத்துவோம்"னாரு. அது அறுபத்திரெண்டாம் வருஷம். திருமயத்துப் பக்கம் ஒரு செட்டியார் பங்களாவுல லாரி விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டுப் போனாரு. போன எடத்துல லாரி வித்துப் போச்சு, கொட்டகையில இந்தச் செவப்புக் காரு நின்னுச்சு. மேல கூரை கிடையாது, கதவு முழங்கால் உசரம். செட்டியார் மகன் பந்தயத்துக்கு ஓட்டினதாம். நம்மாளு அதைப் பாத்தாரு, அவ்வளவுதான், புத்தி போச்சு.

"இதுல என்னத்த மச்சான் ஏத்துறது? உங்களையும் என்னையுமா?"ன்னேன் நாலாம் நாளு.

"டிக்கி மூடியைக் கழட்டிட்டா நாலு கூடை நிக்கும் புள்ள. லாரி ரெண்டரை மணி நேரத்துல போற தூரத்தை இது ஒண்ணேகால் மணியில போயிரும்."

அதுல ஒரு நியாயம் இருந்துச்சு, அப்ப நான் ஒத்துக்கல. எங்க கட்டுமாவடியில மீனுக்கு ஒரே லாரிதான், ஷேக் பரீது காக்காவோடது. அவரு டீ குடிச்சு, வழியில ரெண்டு எடத்துல நின்னு, புதுக்கோட்டை போயிச் சேர்றதுக்குள்ள வாவல் மீனும் கொடுவாவும் கண்ணு வெளுத்துப் போயிரும். புதுக்கோட்டையில ஆத்மநாதன்னு ஒருத்தரு, திருச்சிக்கு மீன் அனுப்புறவரு. அவரு எங்க வாப்பாகிட்டச் சொல்லி அனுப்பியிருந்தாரு. காலையில ஏழரை மணி ரயிலுக்கு முந்தி, நசுங்காத மீனா, மூணு நாளு விடாம யாரு கொண்டாந்து குடுக்குறாங்களோ அவங்ககிட்டத்தான் வருஷம் பூரா வாங்குவேன்னு.

அந்த வாரமே பினாங்கு முதலாளிகிட்ட இருந்தும் கடுதாசி வந்துச்சு. அடுத்த கப்பலுக்கு வா, இல்லைன்னா வேற ஆளு வச்சுக்கிறேன்னு. ஆக, மீனு நேரத்துக்குப் போயிச் சேந்தா இவரு இங்க இருப்பாரு. சேரலைன்னா கப்பல்தான். அதை நாங்க ரெண்டு பேரும் வாய் விட்டுப் பேசிக்கல. பேசாட்டி என்ன, தெரியாதா?

முதல் நாளே மானம் கப்பலேறிப் போச்சு. அறந்தாங்கி தாண்டி ஒரு கம்மாய் இருக்கு. கரை மேலயே ரோடு. மூணு வளைவு, மூணும் இடக்கைப் பக்கம். நாலு கூடை பாரத்தோட அங்க திரும்புனா காரு வலது பக்கம் அப்படியே படுக்குது. ஐசும் உமியும் மீனுமாக் கொட்டி, மேல்கூடை கீழ்க்கூடையை நசுக்கி, பொறுக்கி எடுத்துக்கிட்டு மெதுவா உருட்டிப் போனா ரயில் போயிருச்சு.

திருமயத்துல பழனிச்சாமின்னு ஒரு மெக்கானிக், செட்டியார் வீட்டுக் காருகளை எல்லாம் பாத்தவரு. அவர்கிட்டப் போனோம். நானும் கூடப் போனேன். தனியா விட்டா இன்னொரு காரு வாங்கிட்டு வந்துருவாருன்னு பயம்.

"வாங்க பாய், பின்னாடி ரோல் பாரு இல்லாம ஓட்டுறீங்களா?"ன்னு சிரிச்சாரு. உள்ள போயி ரோல் பாருன்னு மூணு கம்பி எடுத்தாந்தாரு. ஒவ்வொண்ணும் ரெண்டு முனையும் மடங்கி, காரு அகலத்துக்கு இருந்துச்சு. பின் சக்கரம் ரெண்டையும் சேத்து அடியில மாட்டணுமாம். வண்டி ஒரு பக்கம் சாயப் போனா கம்பி முறுக்கிக்கிட்டு, "எங்க போற, இரு"ன்னு இழுத்துப் பிடிக்குமாம். ஒண்ணு சுண்டுவிரல் கனம், ஒண்ணு நடுவிரல், ஒண்ணு கட்டைவிரல்.

"எதை மாட்டலாம்?"னாரு இவரு.

"சின்ன ஐயா பந்தயத்துக்குப் போனா கட்டைவிரல்தான். வளைவுல காரு சாயவே சாயாது. மூணையும் கொண்டு போங்க பாய், ஒத்து வர்றதை வச்சுக்கிட்டு மத்ததைக் குடுத்துருங்க. ஸ்பேனர் புடிக்கத் தெரியுமில்ல?"

பினாங்குல ஒம்பது வருஷம் காரோட பொழைச்ச மனுசன்கிட்டக் கேக்குற கேள்வியா அது? அங்கனயே கட்டைவிரல் கம்பியை மாட்டிட்டாரு. திரும்பி வரும்போது அந்தக் கம்மாய்க் கரையில, அல்லாவே, தரையில ஒட்டிக்கிட்டுப் போச்சு காரு. இவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சுத் தொலைச்சேன்.

மறுநாள் நாலு கூடை ஏத்திக்கிட்டு அவரு மட்டும் போனாரு. என்ன நடந்துச்சுன்னு ஊரே வந்து சொல்லுச்சு. ரெண்டாம் வளைவுல காரு சாயல, வாஸ்தவம்தான். ஆனா பின்பக்கம் ரோட்டை விட்டுட்டு, பம்பரமாட்டம் சுத்தி, கட்டுமாவடியைப் பாத்துத் திரும்பி நின்னுருச்சு. வாவல் அத்தனையும் கம்மாய்த் தண்ணியில. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அல்ஹம்துலில்லா. பின்னாலயே வந்த ஷேக் பரீது காக்கா லாரியை நிப்பாட்டி எட்டிப் பாத்தாராம். "என்னா ஜெய்னு, மூஞ்சி ஊருப் பக்கம் திரும்பிருச்சு? வீட்டு ஞாபகம் வந்துருச்சோ?"ன்னாராம்.

இவரு வீட்டுக்கு வந்து நேரா உள்ள போயிட்டாரு. மொகத்துல ஈயாடல. கொஞ்ச நேரங் கழிச்சு உள்ள போனேன். பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துணியால தொடைச்சுக்கிட்டு இருந்தாரு.

ஒம்பது வருஷம் கடுதாசியோட குடும்பம் நடத்தினவ நான். நோம்புப் பெருநாளைக்கு எல்லா வீட்டுலயும் ஆம்பளைங்க தொழுதுட்டு வருவாங்க, எங்க வாசலுக்குத் தபால்காரரு வருவாரு. இன்னொரு தரம் என்னால முடியாது. முடியாதுன்னு அவர்கிட்டச் சொல்ல வாயும் வரல. கடக்கரைக்குப் போயி நின்னுட்டேன்.

வாப்பாவோட வத்தை கரைக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. வத்தைன்னா எங்க ஊருப் பாய்ப் படகு. ஒல்லியா, நீளமா இருக்கும். குறுக்கால ஒரு நீளப் பலகை போட்டிருக்கும். காத்து அடிச்சு ஒரு பக்கம் சாயறப்ப ஆளுங்க எதிர்ப்பக்கம் பலகையில நடந்து போயி, தண்ணிக்கு மேல உக்காந்து படகை நிமித்துவாங்க. பொறந்ததுல இருந்து பாக்குறதுதான். அன்னைக்குத்தான் பாத்த மாதிரி இருந்துச்சு. போகும்போது வெறும் படகுக்கு மூணு ஆளு பலகையில உக்காந்து போனாங்க. இப்ப உள்ள மீன் நெறைஞ்சு கெடக்கு, அதே காத்து, ஆனா ஒரே ஆளுதான் பலகையில. வாப்பா கரையேறினதும் ஓடிப் போயிக் கேட்டேன்.

"பாரத்தோட வர்ற படகு கொஞ்சம் சாஞ்சுதாம்மா வரணும். சாய விடாம மூணு பேரை ஏத்தி இறுக்கிப் புடிச்சா, காத்து ஒரு நிமிஷம் விட்டாப் போதும், அந்தப் பக்கமே கவுந்துரும்"னாரு.

வீட்டுக்கு ஓடினேன். "மச்சான், அந்தக் கட்டைவிரலைக் கழட்டுங்க. சுண்டுவிரலை மாட்டுங்க!"

"உனக்குப் பைத்தியமா புள்ள? பாரம் ஏத்துனா சாய்வு கூடும். கம்பி இன்னும் கனமால்ல வேணும்? மெல்லிசுங்கிற!"

"செட்டியார் மகன் என்ன மீனா ஏத்துனாரு? வெறும் காரு ஓட்டினாரு. நீங்களும் வெறும் காரை ஓட்டிப் பாத்துட்டுப் பல்லைக் காட்டினீங்க. நானும் காட்டினேன். கரையில நின்னுக்கிட்டா மச்சான் பலகைக்கு ஆளு எண்ணுவாங்க? பின்னாடி நாலு கூடை உக்காந்துருக்கு. அந்தக் கம்பி சாய விடாம இறுக்கிப் புடிக்குது. சாய முடியாத வண்டி என்ன பண்ணும்? ரோட்டை விட்டு ஓடும்!"

டாக்சி ஓட்டின மூளை உள்ள ஓடுறது தெரிஞ்சுச்சு. அப்புறம் பாஸ்போர்ட்டைப் பாயில போட்டுட்டு ஸ்பேனரை எடுத்தாரு.

சாயங்காலம் கூடையில ஈர மணலை நெறைச்சோம், மீன் கனத்துக்கு. கயித்தால இறுக்கிக் கட்டி, கம்மாய்க்கே ஓட்டிக்கிட்டுப் போனோம். முதல்ல நடுவிரல் கம்பி. ரெண்டாம் வளைவுல பின்பக்கம் லேசா வழுக்குச்சு. கரையிலயே குப்புறப் படுத்து சுண்டுவிரலை மாட்டினாரு. இப்பக் காரு கொஞ்சமாச் சாஞ்சுச்சு, சாஞ்ச எடத்துலயே நின்னுச்சு. மூணு வளைவும் போயாச்சு. திரும்பிப் பாத்தா ஒரு கூடை கூட அசையல.

"சாரா"ன்னாரு.

"என்ன?"

"ஒண்ணுமில்ல"ன்னாரு. அவரு வாயில இருந்து அதுக்கு மேல பாராட்டு வராது, எனக்குத் தெரியும்.

அந்த மூணு நாள் கணக்கைச் சனிக்கிழமை புதுசா ஆரம்பிச்சோம். சனிக்கிழமை ஏழு இருபதுக்கு ஸ்டேஷன். ஞாயித்துக்கிழமை ஏழு பத்து. திங்கக்கிழமைதான் வெனை புடிச்சுச்சு. படகு வர நேரமாகி, வர்றப்ப கொள்ளை மீனோட வந்துருச்சு. விடியக்காலைச் சுபுஹு தொழுகை முடிஞ்சு எந்நேரமோ ஆயிருச்சு, ஆறு கூடை கெடக்கு. நாலு ஏத்திட்டு மத்ததை விட்டுட்டுப் போவோம்னாரு இவரு. ஆத்மநாதன் ஆள் அனுப்பி ஆறு கேட்டிருக்காரு, நாலு கொண்டு போனா அது என்ன பேச்சு?

"ஆறும் ஏறட்டும்"னேன். "நானும் ஏறுறேன்."

"ஏற்கெனவே பாரம் புள்ள! நீ எதுக்கு?"

"பலகைக்கு ஒரு ஆளு வேணாமா?"

துப்பட்டியை இடுப்புல இறுக்கிச் செருகிக்கிட்டு இடது பக்க சீட்டுல ஏறிட்டேன். ஊரு வாயைப் பொளந்து பாத்துச்சு. பாக்கட்டும். பிஸ்மில்லான்னு கிளம்பினப்ப மணி ஆறு இருபது, நாப்பது மைல் இருக்கு.

கம்மாய்க் கரைக்கு முந்தி ஷேக் பரீது காக்கா லாரி போயிக்கிட்டு இருந்துச்சு. இவரு ஹாரனை அடிச்சு லாரியைத் தாண்டினாரு. நான் சும்மா இருப்பேனா? எந்திரிச்சு நின்னு கத்தினேன்: "காக்கா! நாங்க புதுக்கோட்டைக்குத்தான் போறோம்! மூஞ்சி நேரா இருக்கா, பாத்துச் சொல்லுங்க!"

முதல் வளைவு. ஆறு கூடைப் பாரம், காரு வலது பக்கம் சாயத் தொடங்குச்சு. ஒரு கையால முன்கண்ணாடிச் சட்டத்தைப் புடிச்சேன், ஒரு கையால கூடைக் கயித்தைப் புடிச்சேன். கதவு மேல ஏறி உக்காந்து, ஒடம்பை வெளிய சாச்சேன். காத்து மொகத்துல அறையுது. கீழ கம்மாய்த் தண்ணி ஓடுது. எங்க ஊருல பொம்பளைங்க யாரும் பலகையில உக்காந்தது இல்ல, கரையில நின்னு பாத்ததோட சரி. நான் உக்காந்தேங்க! காரு நிமிந்துச்சு. ரெண்டாம் வளைவு, அவரைச் சுத்தி விட்டுச்சே, அதே வளைவு. "மச்சான், விடாதீங்க, மிதிங்க!"ன்னு கத்தினேன். மிதிச்சாரு. பின்சக்கரம் ரோட்டை விடல. மூணாவது வளைவுல ரெண்டு பேருமே பைத்தியமாட்டம் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

ஸ்டேஷன் வாசல்ல மணி ஏழு இருபத்தெட்டு. கார்டு கையில பச்சைக்கொடி. ஆத்மநாதன் கூடையைத் திறந்து, ஒரு வாவலோட செவுளைத் தூக்கிப் பாத்தாரு. ரத்தச் செவப்பு. ஒவ்வொரு கூடையா ஆறையும் பாத்தாரு. "ஏத்துங்கப்பா, ஏத்துங்க!"ன்னு போர்ட்டர்களை விரட்டிட்டு, உமியும் தூசியுமா நின்ன என்னைப் பாத்து, "யம்மா, நாளையில இருந்து தினம் ஆறு கூடை"ன்னாரு.

ரயில் கிளம்புற வரைக்கும் நாங்க நகரல. அது போனதும் இவரு சட்டைப் பையில இருந்து ஒரு ஏர்மெயில் தாளை எடுத்தாரு. நாலு நாளா வெத்துத் தாளா மடிச்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு. சூடு ஆறாத பானெட்டு மேல வச்சு ரெண்டே வரி எழுதி என்கிட்ட நீட்டினாரு. "முதலாளிக்கு சலாம். நான் வரவில்லை, இங்கே எனக்கு வேலை இருக்கிறது."

ரெண்டு தரம் படிச்சேன். அழுகை வந்துருச்சு. மறைக்கணும்னு தோணல. அவரு முன்னாலயே அழுதேன்.

ஸ்டேஷன் தபால்பெட்டியில நானே போடுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். "கையைத் துடைச்சுட்டுப் புடி புள்ள, தாளெல்லாம் மீன் வாடை அடிக்கும்"னாரு.

"அடிக்கட்டும் மச்சான்"னேன். "பினாங்கு வரைக்கும் அடிக்கட்டும்."