பாக்கியசீலன் குடித்த பீடி

புகையிலை எதிர்ப்புச் சங்கத்தின் முப்பதாண்டுத் தலைவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான பாளையங்கோட்டை பாக்கியசீலனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. சங்கத்தில் அவரைத் தவிர ஆறு பேர். இருவருக்குக் காது கேட்காது. அதனால் அவருடைய சொற்பொழிவுகளில் அவர்கள்தான் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

நோயைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். டாக்டர் சொன்ன காரணத்தைத்தான் தாங்க முடியவில்லை. எச்.பி.வி. என்கிற வைரஸாம். உடல் நெருக்கத்தில் தொற்றுமாம். பெரும்பாலானோருக்கு வந்து, தானாகவே போய்விடுமாம். சிலருக்குத் தங்கிப் பல வருஷம் கழித்து இப்படி ஆகுமாம். எப்போது, யாரிடமிருந்து என்று எவராலும் சொல்ல முடியாதாம். இந்த வகை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்றதெல்லாம் அவர் காதில் ஏறவேயில்லை. பக்கத்து நாற்காலியில் மனைவி பாக்கியவதி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"புகையிலையாலன்னு எழுதிருங்க டாக்டர்" என்றார், பைய.

டாக்டர் மறுத்துவிட்டார். ஆனால் ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற ஜெப விண்ணப்பச் சீட்டுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டியதில்லையே. காரணம் எழுதாவிட்டால் சபையார் தாங்களாகவே ஒன்று கண்டுபிடித்துவிடுவார்கள். ‘வாலிபத்தில் இரகசியமாகப் பீடி குடித்த பாவத்தால் தொண்டைப் புற்றுநோயில் வாடும் சகோதரர் பாக்கியசீலன்’ என்று மணிமணியான எழுத்தில் எழுதிக் கொடுத்தார். போதகர் வாசித்ததும் கோயிலே உச்சுக்கொட்டியது.

சாயங்காலம் அடுத்த வீட்டு ஜாஸ்பர் வந்தார். பீடி குடித்ததற்காக முப்பது வருஷமும் இவரிடம் ஏச்சு வாங்கியவர்.

"எந்த பீடி வே குடிச்சீரு?" என்று ஆசையாகக் கேட்டார்.

பாக்கியசீலன் யோசித்தார். ஒழிக்கப் பாடுபட்ட சரக்கில் ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

"நல்ல பீடிதான்."

"கட்டுக்கு எத்தனை இருக்கும்?"

"ஒரு டஜன்."

கட்டுக்கு இருபத்தைந்து எண்ணிப் பழகிய ஜாஸ்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காபி கொண்டுவந்த பாக்கியவதி தம்ளரைக் கணவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"அவுக பீடியத் தொட்டதே இல்ல, அண்ணாச்சி. வைரஸாம். கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியான்னு நானே கேக்கல. ஊருக்கு என்ன வந்துச்சு?"

ஜாஸ்பரின் முகம் மலர்ந்தது. சீட்டு வாசித்ததிலிருந்து பயத்தில் ஒரு பீடிகூடத் தொடவில்லையாம். "அப்ப பீடியால இல்ல" என்று சட்டைப்பையிலிருந்து ஒன்றை உருவினார்.

முப்பது வருஷத்தில் சங்கத்தின் பேச்சைக் கேட்டு ஒருவர் ஒருநாள் பீடியை விட்டிருந்தார். அதுவும் பொய்யைக் கேட்டு. பாக்கியசீலன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வைரஸ்தான் வே. உமக்குப் பீடியாலயே வரும்."

அவர் ஆற்றியதிலேயே சிறிய சொற்பொழிவு அது. ஜாஸ்பர் பீடியைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு, பாக்கியசீலனுக்கு வைத்த காபியை எடுத்துக் குடித்தார்.