சைவ வீடு

...மூடியைப் போட்டால் மட்டும் வாசனை நின்றுவிடுமா, மீன் குழம்பென்ன பூனைக்குட்டியா மூடி வைத்தால் பதுங்கிக் கிடக்க, சுந்தரவல்லி மூடியின்மேல் குழவியையும் தூக்கி வைத்தாள், வைத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள், ஏன் இந்த மாடியறைப் பிள்ளை வஜீஹா இன்றைக்குப் பார்த்துப் பன்னிரண்டு மணிக்கே வந்து நிற்கிறது, சனிக்கிழமையென்றால் லைப்ரரியில் உட்கார்ந்துவிட்டு ஐந்து மணிக்குத்தானே வருவாள், அதை நம்பித்தானே காலையில் வஞ்சிரம் வாங்கியது. கேட் கொக்கி விழுந்த சத்தம், மாடிப்படியில் செருப்புச் சத்தம், அப்புறம் ஒன்றையும் காணோம். மேலே என்ன செய்வாள், நோட்டை வைப்பாள், முகம் கழுவுவாள், இறங்கி வந்துவிடுவாள்... பத்து நிமிஷம் இருக்குமா? ஜன்னல் இரண்டையும் சாத்தினாள். சாத்தினால் உள்ளேயே சுற்றும், திறந்தால் மாடிக்கு ஏறும், என்னதான் செய்ய, ஒன்றைத் திறந்து ஒன்றைச் சாத்தினாள். சாம்பிராணி டப்பாவை எங்கே வைத்துத் தொலைத்தோம் என்று தேடினாள்.

எல்லாம் அவர் போட்ட ஒரு டிக்கால் வந்த வினை. போன வருஷம், எழுபத்திரண்டில், ஹாஸ்டலில் இடம் போதவில்லை, வெளியூர்ப் பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு அறை தர நல்ல குடும்பங்கள் வேண்டும், வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எங்கள் பட்டியலில் சேர்த்துப் பிள்ளைகளை நாங்களே அனுப்புகிறோம் என்று யூனிவர்சிட்டிக்காரர்கள் பேப்பரில் போட்டிருந்தார்கள். மாடி அறை கிழிந்த மெத்தையும் உடைந்த பெட்டியுமாகச் சும்மாதான் கிடந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற சண்முகசுந்தரத்துக்கு, யூனிவர்சிட்டியோடு ஒப்பந்தம் என்றதும் கால் தரையில் பாவவில்லை. படிவத்தைக் கடையில் வைத்தே நிரப்பினார். உணவு என்ற இடத்தில் சைவம், அசைவம் என்று இரண்டு கட்டம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, சைவம்னு போடுங்க அண்ணாச்சி, அந்த வீட்டைத்தான் முதல்ல எடுப்பாங்க என்றாராம். போட்டுவிட்டார்! திருச்செந்தூர்க் கடற்கரையில் பிறந்து, மீன் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற மனுஷர்... "ஏங்க, நாம என்னைக்குங்க சைவமானோம்?" என்று கேட்டதற்கு, "பிள்ள காலேஜுக்குப் போன பெறவு வையி, யாருக்குத் தெரியப் போவுது? யூனிவர்சிட்டி கடுதாசிட்டி இது!" என்றார். அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டுக் கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் படிக்க வேண்டும், படிக்காதவருக்கு அவரே படித்துக் காட்டுவார்.

அன்றிலிருந்து இந்தத் திருட்டுப் பிழைப்பு. வாசலில் கூவாதே, பின்சந்துக்கு வா என்றதும் மீன்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "இன்னாம்மா நீ, கடத்தல் வாட்ச்சு வாங்கற மாதிரி பயந்துகினு நிக்கறே, கூடைல மீனுதானே கீது?" என்று இன்று காலையிலும் கேட்டாள். சிரிக்கட்டும், அவளுக்கென்ன. நீரஜா மிஸ், அதுதான் யூனிவர்சிட்டியில் இந்த வீடுகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற அம்மாள், ஜூலையில் வஜீஹாவை அழைத்து வந்து நிறுத்தியபோது சுந்தரவல்லிக்கு உள்ளுக்குள் என்ன நிம்மதி, வாணியம்பாடி முஸ்லிம் பிள்ளை, விட்டது தொல்லை, சட்டியை ஒளிக்க வேண்டாம் என்று நினைத்து முடிப்பதற்குள் மிஸ் சொல்லிவிட்டாள், "இவளும் சைவந்தாம்மா, எழுதிக் குடுத்திருக்கா." அன்று ராத்திரி அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நமக்குன்னு வந்து வாச்சுது பாரு, அதுவும் சைவமாம்ல!"

ஆனால் பிள்ளை தங்கம். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அவரும் இரண்டு பையன்களும் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனால் வீடு வாய் மூடிக்கொள்ளும், திரும்பி வந்தாலும் சோறு, சட்டை, எண்ணெய் என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் விழும். இவள் வந்த பிறகல்லவா சாயங்காலம் அடுக்களையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, தாவரவியலாம், கத்தரிக்காய்க் காம்பை பிளேடால் மெல்லிசாக அறுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுதாம்மா தண்ணி ஏறுற வழி" என்று காட்டினாளே, இருபத்தைந்து வருஷமாகக் கத்தரிக்காய் அரிகிற கைக்கு அது தெரியாமல் போயிற்றே... அவள் வர ஐந்து நிமிஷம் பிந்தினால் மனசு கேட்டுக்கே ஓடுகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, நாலு வீடு தள்ளிச் சொன்னால் சிரிப்பார்கள், வாடகைக்கு வந்த பிள்ளைமேல் இவ்வளவு பிரியமா என்று. ஆமாம், பிரியந்தான்! அந்தப் பிள்ளைதான் வியாழக்கிழமை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஹாஸ்டலில் ஒரு இடம் காலியாகியிருக்காம்மா, திங்கக்கிழமை மிஸ் வருவாங்க, போறேனா இருக்கேனான்னு சொல்லணும். அதற்குப் பிறகு சுந்தரவல்லிக்குச் சரியான தூக்கம் இல்லை. வந்தபோது இருந்த கன்னம் எங்கே, வளையல் முழங்கைவரை ஓடுகிறது, இந்த வயசுப் பிள்ளைக்கு ஏழு மாசமாக ரசமும் உருளைக்கிழங்கும் போட்டால் ஓடிப்போகாமல் என்ன செய்யும், எழுதிக் கொடுத்தாளே தவிர இவள் நிஜமாகவே சைவந்தானா, சைவமாகவே இருந்தாலும் ஓடத்தான் செய்யும். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், கடையில் மாட்டிய சட்டத்தைக் கழற்ற வேண்டும், ரங்கநாதன் தெருவே அவரைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடுவாள். இரண்டில் எது பரவாயில்லை என்று மூன்று நாளாக யோசித்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இறங்கி வந்துவிட்டாள். அடுக்களை வாசலில் நிற்கிறாள், ஈர முகத்தோடு. "நீரஜா மிஸ் இன்னிக்கே நாலு மணிக்கு வர்றாங்களாம்மா, அதான் சீக்கிரம் வந்துட்டேன்." வரட்டும், எல்லோரும் ஒன்றாக வரட்டும், அடுப்பில் வஞ்சிரம், தலைக்குமேல் யூனிவர்சிட்டி! சுந்தரவல்லி நகர்ந்து அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள், நின்றதோடு விட்டிருக்கலாம், நாக்கு சும்மா இருந்தால்தானே, "என்னமோ நாத்தம், பக்கத்து வீட்டுல மீன் வைக்காங்க போல" என்று உளறிவிட்டாள். பக்கத்து வீட்டில் இருப்பது ஐயங்கார். தினமும் காலையில் அந்த வீட்டு மாமி துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மாடியிலிருந்து பார்க்கிறவள் இந்தப் பிள்ளை. சிரிப்பாள் என்று காத்திருந்தாள், சிரிக்கவில்லை. "ஆமாம்மா, அவங்க வீடாத்தான் இருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுந்தரவல்லி ரசத்தை ஊற்றினாள், தெரியும், இவளுக்கு எல்லாம் தெரியும், இன்றைக்கு நேற்றல்ல, ஜூலையிலிருந்தே தெரியும், நம் மானத்தை இவள் கட்டிக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள். தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை, ஒரு கரண்டி எனக்கும் ஊத்துங்கம்மா என்று கேட்டிருந்தால் இல்லையென்றா சொல்லியிருப்போம்? பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தாள்.

நாலு மணிக்குள் சட்டி கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்விட்டது, சாம்பிராணி மூன்று முறை போட்டாயிற்று. நீரஜா மிஸ் உள்ளே வந்ததும் மூச்சை இழுத்து, "வீடே கோயில் மாதிரி மணக்குது" என்றாள், சுந்தரவல்லிக்கு அழுகை வந்தது. மிஸ் நல்ல மாதிரிதான், மோரைக் குடித்துக்கொண்டே கேட்டாள், "என்ன வஜீஹா, ஹாஸ்டலா, இங்கேயா?" சுந்தரவல்லி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இங்கேயே இருக்கேன் மிஸ்." அப்பாடா! பெருமாளே, முருகா, யாராக இருந்தாலும் நல்லா இருங்க... போகவில்லை, பிள்ளை போகவில்லை, மேற்கொண்டு எதுவும் வேண்டாம். மிஸ் ஃபைலைத் திறந்து, அடுத்த வருஷத்துக்கான படிவத்தை எடுத்து, பேனாவையும் நீட்டினாள். "எல்லாம் பழையபடிதானேம்மா, சைவத்துல டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க, இன்னும் நாலு வீடு போகணும்." பேனாவை வாங்கியவள் கண்ணில் ஃபைலில் இருந்த இன்னொரு காகிதம் பட்டது. வஜீஹாவின் விண்ணப்பம், அவளுடைய குண்டு குண்டு எழுத்து. உணவு. அசைவம் என்ற கட்டத்தில் ஒரு டிக். அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. சைவத்தில் இன்னொரு டிக், பக்கத்தில் அடித்துத் திருத்தியதற்காகச் சின்னதாக ஒரு கையெழுத்து.

அவள் பார்ப்பதை மிஸ் பார்த்துவிட்டாள். "அதுவா... மூணு வீட்டுல பேரைக் கேட்டதுமே முடியாதுன்னுட்டாங்கம்மா, மிச்சம் இருந்தது உங்க வீடு ஒண்ணுதான், அதுவும் சைவம், நாந்தான் மாத்திப் போடச் சொன்னேன். ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னேன். இப்பப் பாருங்க, பழகிட்டா." நல்ல மனசோடுதான் சொன்னாள், அதற்காக அவளைக் குறை சொல்ல முடியுமா, ஆனால் பாவிகள் நாம், இவளுக்காகத்தான் ஒளிக்கிறோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம், அவர் கடையில் உட்கார்ந்து வேடிக்கையாக அடித்த டிக்குக்காக இந்தப் பிள்ளை தன்னை அடித்துத் திருத்திக்கொண்டு வந்து நம் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறது, மீன் வாசனையை முகர்ந்துகொண்டே ரசம் சாப்பிட்டிருக்கிறது. ஏழு மாசம்! சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று ஒரு நாள் தவறாமல் கேட்டோமே, என்ன சாப்பிடுவே என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டோமா? பேனா இன்னும் கையில்தான் இருந்தது. அவரைக் கேட்டுக்கொண்டு போடுகிறேன் என்று சொல்லலாம், எப்போதும் சொல்கிறதுதானே. சொல்லவில்லை. திரும்பிப் பார்த்து, "ஏ பிள்ள, ஒனக்கு என்னளா பிடிக்கும்?" என்றாள். வஜீஹாவின் கண் முதலில் மிஸ்ஸின் மடியில் இருந்த ஃபைலுக்குப் போயிற்று, பிறகு சுந்தரவல்லியின் கையில் இருந்த பேனாவுக்கு. ஒரு பதில் சொல்வதற்கு இத்தனை இடம் பார்க்க இந்தப் பிள்ளை எங்கே கற்றுக்கொண்டது... இந்த வீட்டிலா?