உப்பில் வளைத்த குழல்

வாணலியில் உப்பு படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் ரோஸ்லின் அடுப்பைக் குறைத்தாள். மரக்காணத்துக் கல்லுப்பு, மாமனார் கஸ்பார் தன் கையால் வாரிய உப்பு. அதற்குள் அவர் புகைபிடிக்கிற சுங்கானின் குழலைப் புதைத்தாள். துளை அமுங்கிவிடாமல் உள்ளே பஞ்சு சுற்றிய கம்பியைச் செருகியிருந்தாள். கெட்டி ரப்பர் குழல், சூட்டில் இளகினால் வளைந்துகொடுக்கும். பெரிய முதலியார்சாவடிப் பக்கத்துச் சுங்கான் பட்டறையில் அவளுக்கு நாள் முழுக்க இதே வேலைதான்.

கேட்டால் சிரிப்பீர்கள், புடவைக் கரை மாதிரி சுங்கானுக்கும் காலத்துக்கொரு மோஸ்தர் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நேர்க்குழலுக்குத்தான் கிராக்கி. வெளிநாட்டுக்காரன் சுங்கானைக் கையில் பிடித்துச் சாவகாசமாக இழுத்த காலம் அது. பிறகு இரண்டு கையும் போனுக்குப் போய்விட்டதோ என்னவோ, பல்லில் கடித்தால் தாடையோடு ஒட்டித் தொங்குகிற வளைகுழல்தான் வேண்டும் என்றான். நடுவில் ஒரு வருஷம் முழ நீளக் குழல் கேட்டு உயிரை எடுத்தார்கள், அதுவும் ஓய்ந்தது. நேர்க்குழல் சுங்கான்கள் பெட்டி பெட்டியாகத் தேங்கின. விற்காததை வைத்து என்ன செய்ய? ஆளுக்கொன்று கொண்டுபோங்கள் என்றார் முதலாளி.

அது ஈஸ்டர் சமயம். தவக்காலம் முழுக்க ஒறுத்தல் என்று கஸ்பார் பீடியைத் தொடமாட்டார். ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டுக்கு வந்துதான் முதல் பீடி. பாவம், மனிதர் வாய் நமநமத்துக் கிடப்பாரே என்று அந்த முறை ரோஸ்லின் பீடிக்குப் பதிலாகச் சுங்கானை நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு வாங்கிக்கொண்டார். மருமகள் கொடுத்தது என்று உப்பளம் முழுக்கக் காட்டித் திரிந்தார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது அவருடைய கீழுதட்டின் ஓரத்தில், குழல் உட்காருகிற அதே இடத்தில், வெள்ளை பூத்த ஒரு புண். மாதக்கணக்கில் ஆறவில்லை. உப்பு வார இரண்டு கையும் வேண்டும், சுங்கானின் பாரம் முழுக்க வாய்தானே தாங்கவேண்டும்? ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே எரிந்து விழுந்தார்.

"குழா நேரா இருக்குது, அதான் அழுத்துது. நீ வளைச்சிக் குடு, எல்லாம் சரியாப்பூடும்."

"வளைச்சிக் குடுத்தா ஆஸ்பத்திரிக்கு வருவீங்களா மாமா?"

"மாதா மேல சத்தியமா வர்றேன்."

வளைத்துக் கொடுத்தாள். அச்சில் வார்த்தது போல் அமைந்துவிட்டது. திங்கட்கிழமை லீவு போட்டுப் புதுச்சேரிக்குக் கிளம்பி நின்றால், மனிதர் விடியும் முன்பே அளத்துக்கு நழுவியிருந்தார். அப்போது அவள் மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. இந்தச் சுங்கானை யாரம்மா கொடுத்தது என்று டாக்டர் கேட்பது இன்றைக்கு இல்லை. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தலையில் அடித்துக்கொண்டு அளத்துக்கு நடந்தாள்.

வரப்பிலேயே கன்னியப்பன் பிடித்துக்கொண்டார், கஸ்பாரோடு பாத்தியில் இறங்குகிறவர்.

"ஏம்மா, எனக்கும் அதுமாரி ஒண்ணு வளைச்சிக் குடேன். கஸ்பாரண்ணனுக்கு வலியே இல்லியாமே!"

அவரைத் தாண்டிக்கொண்டு நேரே மாமனாரிடம் போனாள். அவர் வாயில் சுங்கான் புகைந்துகொண்டிருந்தது.

"மாமா, இந்தப் புண்ணு என்னாலதான் வந்தது. நான்தான் உங்க வாயில வெச்சேன்."

கஸ்பார் பதறிப்போய் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டார்.

"இன்னாம்மா பேசற நீ? நீ இன்னா பண்ணுவ? பீடிய அந்த ஒறுத்தலோட விட்டுடலாம்னுதான் இருந்தேன். நீ ஆசையா எடுத்தாந்து நீட்டுன. வேணாம்னு சொல்ல மனசு வர்ல, அவ்ளோதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். மருமகளாக வந்த நாளிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை அவள். இன்று எட்டி அவர் தாடையைப் பிடித்தாள்.

"வாயத் தொறங்க மாமா."

அவர் சுங்கானை எடுத்துவிட்டு, வெயில் பக்கம் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். பாத்தி உப்பின் வெளிச்சம் முகத்தில் அடித்தது. உதடு பிரிந்தது, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு.

"இன்னும் நல்லா."

"அவ்ளோதாம்மா தொறக்குது."