கறி பூஜ்யம்

முதலில் சட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சட்டி புரிந்துவிட்டால், எனக்கும் சுதாகர் பாவாவுக்கும் நடந்த சண்டை தானாகவே புரிந்துவிடும்.

நாங்கள் நாலு பேர் போனில் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு அது. ஒரு காட்டில் வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். மரம் வெட்ட வேண்டும், வேலி கட்ட வேண்டும், விதைக்க வேண்டும், பசியில் சாகாமல் இருக்க வேண்டும். காட்டில் சமைக்கச் சட்டி செய்துகொள்ளலாம், நாங்கள் மூன்று வைத்திருந்தோம். நாலு பொருள் போட்டால் மூடி தானாக மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் ஒரு சாப்பாடு வரும். எதைப் போட்டால் எது வரும் என்று விளையாட்டு வாயைத் திறந்து சொல்லாது. தப்பாகப் போட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு சகதி வரும். அதைத் தின்றால் பசி போகாது, மானம்தான் போகும்.

பாவா அதைக் "கூழு" என்பார். "ஆடி மாசத்துல கூழைக் கேவலமாப் பேசாதீங்க" என்று நான் சண்டைக்குப் போவேன்.

பாவா என் அக்கா கோமளவல்லியின் வீட்டுக்காரர். திருத்தணிக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் நடுவே ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய சிநேகிதர் தீனதயாளனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. கண்டிகையில் டீக்கடை வைத்திருக்கும் ஷோபனா என்னோடு பள்ளியில் படித்தவள். நான் கயல்விழி, எங்கள் வீட்டில் பவர்லூம். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் எனக்கு எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நிம்மதி. ஒரு பல்சக்கரம் ஏன் சுற்றுகிறது என்று தெரியாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது.

விளையாட்டில் எங்கள் காட்டைத் திறந்தவர் பாவா. அதனால் யாரை வேண்டுமானாலும் வெளியே தள்ளும் பட்டன் அவர் போனில்தான் இருந்தது. ஆனால் அங்கே இருந்த வேலி, பாத்தி, பூசணிக்கொடி எல்லாம் நான் போட்டது. சாயங்காலம் தறியை நிறுத்தியதும் நான் போகிற இடம் அது. தெருவில் எனக்கென்று ஒரு மூலை கிடையாது, அங்கே ஒரு தோட்டமே இருந்தது.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டேன். மாலை போட்டால் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர், ஒரே சமையல். மாலை போடாத பாவாவும் மாட்டிக்கொண்டார். சாம்பாரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்த ஏக்கத்தையெல்லாம் காட்டில் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார் போல.

விளையாட்டில் அப்போதுதான் பனிக்காலம் தொடங்கியிருந்தது. பனியில் எதுவும் விளையாது.

"கயலு, ஓநாய் அடிச்சிகினு வந்துகினு இருக்கேன். சட்டியைத் தொறந்து வை" என்றார் பாவா.

"என் சட்டியில கறி போட மாட்டேன் பாவா. மாலை போட்டிருக்கேன்."

 போனில் தீனா அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கேம்ல கறி கறியா? போன்ல மழை பேஞ்சா குடை புடிப்பியா நீ?" என்றார் பாவா.

"வெட்டறது என் கை, போடறது என் மனசு. ரெண்டும் மாலை போட்டுகினுதானே இருக்குது."

"ஓணான் காலு போட்டுக்கோ கயலு. அது அரைக் கறிதான். அரைப் பாவம்" என்றார் தீனா அண்ணன்.

பாவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டிலும் நான், இங்கேயும் நானா என்று இருந்திருக்கும். "சரி. பனி முடியற வரைக்கும் நீயே சமை. கறி இல்லாம நாலு பேரையும் காப்பாத்து. எவனாவது செத்தா நீ இந்தக் காட்டை விட்டுப் போயிடணும். பட்டனை அமுக்கிடுவேன்."

"காப்பாத்திட்டா?"

"சட்டி மூணும் உனுது. நீ இன்னா சொல்றியோ அதான்."

"ஆங், சரி" என்றேன். சொல்லும்போது எனக்கு வழி தெரியாது. வாய்தான் முந்திக்கொண்டது.

இப்போது சட்டிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எல்லாரும் சட்டி சமையல் குறிப்பு பார்க்கிறது என்று நினைக்கிறார்கள். இத்தனை பூசணி போட்டால் குழம்பு, இத்தனை கறி போட்டால் பிரியாணி என்கிற மாதிரி. சட்டிக்குப் பூசணி தெரியாது. அதற்கு மதிப்பெண்தான் தெரியும். ஒவ்வொரு பொருளின் முதுகிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: காய் இவ்வளவு, கறி இவ்வளவு. சட்டி நாலு சீட்டையும் கூட்டிப் பார்த்து, எந்தச் சாப்பாட்டின் விதிக்கு அது ஒத்துப்போகிறது என்று தேடுகிறது. எதற்கும் ஒத்துப்போகாவிட்டால் சகதி.

சீட்டு தெரியாவிட்டால் என்ன, போட்டுப் பார்க்கலாம். பனிக்கட்டிக்கு எந்த மதிப்பெண்ணும் இல்லை, இடத்தை மட்டும் அடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு பூசணி, மூன்று பனிக்கட்டி: சகதி. இரண்டு பூசணி, இரண்டு பனிக்கட்டி: காய்க்குழம்பு. அடுத்தது கிழங்கு. இரண்டு கிழங்கு போதவில்லை, மூன்று போதுமானதாக இருந்தது. கடைசியாக ஒரு பூசணியும் ஒரு கிழங்கும் சேர்த்துப் போட்டேன். குழம்பு வந்தது!

பூசணிக்குக் காய் ஒன்று, கிழங்குக்கு அரை, குழம்புக்கு வேண்டியது ஒன்றரை என்று வைத்துப் பாருங்கள். எல்லாமே ஒத்துப்போகும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதுவரை நாங்கள் ஒரு குழம்புக்கு நாலு பூசணி போட்டுக்கொண்டிருந்தோம். நாலு போட்டாலும் அதே குழம்புதான், ஒன்றரை போட்டாலும் அதே குழம்புதான். பரீட்சையில் முப்பத்தைந்து எடுத்தவனும் பாஸ், நூறு எடுத்தவனும் பாஸ் இல்லையா? சட்டி பாஸா ஃபெயிலா என்று மட்டும்தான் பார்க்கும். மீதி மதிப்பெண்ணெல்லாம் வீண்.

பனிக்காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பனிக்கட்டி. பாவா எதை எங்களுக்கு எதிரி என்று நினைத்தாரோ, அதையே சட்டியில் போட்டு இடத்தை நிரப்பினேன். பெட்டியிலிருந்த பூசணி குறையவே மாட்டேன் என்றது.

"இன்னாடீ மாயம் பண்றே?" என்றாள் ஷோபனா.

"கூட்டல்டீ. வெறும் கூட்டல்."

ஷோபனாவும் சும்மா இருக்கவில்லை. காவடிக்கு நான் இங்கே பூ கட்டிக்கொண்டிருக்க, அவள் பனிக்கு முன்னாலேயே பறித்துவைத்த காட்டுப்பூக்களைச் சட்டிகளைச் சுற்றி வட்டமாக வைத்தாள். "நம்ம காட்டுக்கும் ஒரு புஷ்பக் காவடி" என்றாள்.

"பூவைத் தின்னப் போறீங்களா? கிறுக்கிங்க ரெண்டும் ஒண்ணாச் சேந்துகினு" என்றார் பாவா.

கிருத்திகைக்கு முந்தின நாள் எனக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை. மூன்று சட்டியிலும் பூசணி, கிழங்கு, ஒரு பனிக்கட்டி போட்டுவிட்டு, "நாலாவது இடத்துல பனிக்கட்டி போட்டு மூடிடுடீ" என்று ஷோபனாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மூன்றிலும் சகதி. பெட்டியில் மிஞ்சியிருந்ததெல்லாம் அதோடு போயிற்று.

"நான் வர்றதுக்குள்ள மூடி இருந்துச்சுடீ. சத்தியமா நான் தொடல" என்றாள் ஷோபனா. அழுகிற குரல்.

நான் அவளைச் சந்தேகப்படவில்லை. காய் ஒன்றரை இருக்கிறது, நானே போட்டது. அப்படியும் சகதி என்றால் குழம்பின் விதியில் எனக்குத் தெரியாத இன்னொரு வரி இருக்க வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். காய்க்குழம்பில் காய் ஒன்றரை இருந்தால் மட்டும் போதாது. கறி பூஜ்யமாக இருக்க வேண்டும். கொஞ்சமாகக்கூட இருக்கக் கூடாது. எங்களில் ஓணான் பிடிக்கிறவர் ஒரே ஒருவர்தான்.

"பாவா, ஓணான் காலைப் போட்டது நீங்கதானே?"

"சும்மா ருசிக்குப் போட்டேன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இத்தினூண்டு காலு. அதுல இன்னா ஆயிடும்? இன்னும் நல்லாத்தான் வரும்னு நெனச்சேன்."

"சட்டிக்கு ருசி தெரியாது பாவா. இருக்குதா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்."

"அப்ப தோத்துட்டேன்னு சொல்லு."

"பனி முடியட்டும், சொல்றேன்."

கிருத்திகை அன்று காவடியோடு மலை ஏறினேன். தோளில் பூவும் காலுக்குக் கீழே ஈரப் படியும், சுற்றிலும் அரோகரா சத்தமுமாக இருந்தது. சாமி பார்த்து, மாலையைக் கழற்றி, கூட்டத்தில் நசுங்கி இறங்கி அக்கா வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. தீனா அண்ணனும் ஷோபனாவும் மலைக்கு வந்தவர்கள் அப்படியே எங்களோடு வந்துவிட்டார்கள். நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து போனைத் திறந்தோம்.

காட்டில் அதுதான் பனியின் கடைசி ராத்திரி. தீனா அண்ணனின் ஆள் தரையில் தள்ளாடிக்கொண்டிருந்தான். பசிக்கோடு சிவந்து துடித்தது.

"கயலு, நான் சாவறேன்" என்றார் அவர், கையில் அக்கா கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு.

பாவா தன் ஆளைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் பையில் இரண்டு ஓநாய்க்கறி இருந்தது. ஒரு கறிக்குழம்புக்குச் சரியாகப் போதும். இரண்டையும் என் காலடியில் போட்டார்.

"மாலைதான் கழட்டிட்டியே. இப்ப சாமி குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எடுத்துப் போடு, உன் கையால. தீனா பொழைப்பான். நீயும் இங்கயே இருக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நேர்த்தி முடிந்துவிட்டது. என்னைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் அந்தக் கறி என் காலடியில் கிடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. குனிந்து எடு என்று சொல்கிற மாதிரி கிடந்தது.

"மாட்டேன் பாவா."

"ஏய், அவரு சாகறாருடி" என்றாள் அக்கா. ஒருநாளும் விளையாடாதவள், அன்று எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சட்டியைப் பார்த்தேன். சட்டியைச் சுற்றிப் பூ.

சமைக்காமல் எதைத் தின்றாலும் பசி அடங்காது, தலைக்கு மேல் ஒரு குறி மட்டும் மினுங்கும். கறி என்றால் சிவப்பு, காய் என்றால் பச்சை. ஷோபனா ஒருமுறை கை தவறிப் பூவைத் தின்றுவிட்டாள். என்ன நிறம் மினுங்கியது?

"ஷோபனா, அன்னிக்குப் பூவைத் தின்னியே, பச்சையா சிவப்பா?"

"பச்சைடீ. கேலி பண்ணீங்களே எல்லாரும், மாடுன்னு."

பச்சை என்றால் பூவின் சீட்டில் காய் இருக்கிறது. எவ்வளவு என்று தெரியாது. அரை இருந்தால் மூன்று பூவே போதும். கால்தான் என்றால் நாலு போட்டாலும் சகதி. தெரியாத இடத்தில் பனிக்கட்டிக்கு இடம் கொடுக்கக் கூடாது.

"உன் காவடியைப் பிரிக்கட்டுமா?"

ஷோபனா ஒரு நொடி யோசித்தாள். "சாமிக்கு வெச்சதைப் பசிச்சவனுக்குக் குடுத்தா பிரசாதம்டீ. எடு."

நாலு பூவைப் போட்டேன். சட்டி மூடிக்கொண்டது.  தீனா அண்ணன் பொங்கலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார்.

மூடி திறந்தது. காய்க்குழம்பு.

தீனா அண்ணனின் ஆள் அதை விழுங்கிவிட்டு நிமிர்ந்து நின்றான். "பொழச்சிட்டேன் மச்சான்!" என்று அவர் பாவாவின் முதுகில் ஓங்கி அடித்தார். அடுத்த சட்டியில் மூன்று பூவும் ஒரு பனிக்கட்டியும் போட்டேன். அப்போதும் குழம்பு வந்தது. பூவுக்கும் அரைதான்! அந்த நேரத்தில் ஜெயித்ததைவிட அது தெரிந்ததில்தான் எனக்கு அதிக சந்தோஷம். மூன்றாவது சட்டியில் வந்ததைப் பாவாவின் ஆள் முன்னால் வைத்தேன். அவர் பசிக்கோடும் சிவந்துதான் இருந்தது.

"சாப்புடுங்க பாவா. பூவைத் தின்னு பாருங்க."

அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு விரலால் தட்டினார். காட்டில் கிழக்கு வெளுத்தபோது பனி சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தது. நாலு பேரும் உயிரோடு இருந்தோம். பட்டனை யாரும் அமுக்கவில்லை.

மறுநாள் அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பாவா அதைக் குறித்துவைத்துக்கொண்டார் போல, சாயங்காலம் காட்டுக்குள் வந்ததுமே ஆரம்பித்தார்.

"கோழிக்காலை அந்தக் கடி கடிச்சியே, பாத்தேன். வெயில் வந்திடுச்சு, ஓநாய் கொழுத்துகினு இருக்குது. இனிமே சட்டியில கறி போடலாம் இல்ல?"

"கறி எனக்கு ரொம்பப் புடிக்கும் பாவா."

"அப்புறம் இன்னா?"

"நீங்க சொல்லிப் போட மாட்டேன். சட்டி மூணும் என்னுது."

விளையாட்டில் மரப்பலகை செய்து எழுதி நட்டுவைக்கலாம். நான் ஒன்று செய்தேன். மூன்று சட்டிக்கும் நடுவில், பாவா எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் நட்டேன். அதில் எழுதியது இரண்டே வார்த்தை: கறி பூஜ்யம்.

பாவா கையில் ஓநாய்க்கறியோடு அதன் முன்னால் வந்து நின்றார். படித்தார். படித்துவிட்டு அங்கேயே நின்றார்.

நான் பூவுக்குப் புதிதாக ஒரு பாத்தி வெட்டத் தொடங்கினேன்.